மொக்கைச்சாமி மாமா மார்க் போடும் விதம்

மொக்கைச்சாமி மாமாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போட்டோ போடுவியா மாப்ளே?" என்பதுதான். போடமாட்டேன் என்றேன். "அப்ப என்னத்தையும் எழுதிக்க" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். ஆகவே இனி வருகிற எதற்கும் நான் பொறுப்பில்லை. படித்துவிட்டு என் கடைப் பக்கம் வந்தாரானால் அன்றைக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன்.

என் பெயர் ஜெகபர் அலி. திண்டுக்கல் பேகம்பூரில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். மாமா எனக்குச் சொந்தமில்லை. அவர் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் வெங்காயம் விளைவிக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. நான் மாமா என்கிறேன், அவர் மாப்ளே என்கிறார். இதற்கு மேல் என்ன சொந்தம் வேண்டும்?

அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் ஆடு வாங்கி விற்பவர்கள். வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் அவர் தரகர். கிடாயின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வார், முதுகுத்தண்டை இரண்டு விரலால் அமுக்கிக் கறி எவ்வளவு தேறும் என்பார். இன்னொரு ரகம் நாங்கள். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கிறவர்கள், அதைவிட அதிகமாக அந்தக் காமிக்ஸை அனிமேஷன் படமாக எடுத்தவர்களைத் திட்டுகிறவர்கள். முதல் ரகத்துக்கு இரண்டாம் ரகம் இருப்பதே தெரியாது. தெரிந்தால் ஒருத்தனும் அவரிடம் ஆட்டை நம்பிக் கொடுக்கமாட்டான்.

அவர் காமிக்ஸுக்குள் வந்ததும் ஆடு வழியாகத்தான். பள்ளிக்கூடம் படிக்கிற வயசில், வீட்டு வெள்ளாடு ஒன்று ஏதோ புத்தகத்தை மென்றுகொண்டிருந்திருக்கிறது. இவர் பிடுங்கிப் பார்த்தால் 'வெள்ளிமுகன்'. முகம் முழுக்க வெள்ளி முகமூடி, முதுகில் சால்வை, எதிரே டாக்டர் கந்தகம் என்கிற வில்லன். ஒரே மூச்சில் படித்துக் கடைசிக்கு வந்தால், கடைசிப் பக்கம் ஆட்டின் வயிற்றில். அந்த ஆட்டை அன்றைக்கு அடித்த அடிக்கு இன்றும் வருத்தப்படுவார். பல வருஷம் கழித்து வேறொரு பிரதி கிடைத்துப் பார்த்தபோது, கடைசிப் பக்கத்தில் வெள்ளிமுகன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை. "இதுக்காகவாலே ஒரு வாயில்லாச் சீவன அடிச்சேன்" என்பார்.

வெள்ளிமுகனைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவன் பேசமாட்டான். அவன் வாய்க்குப் பக்கத்தில் பேச்சு வட்டம் இருக்கும், உள்ளே ஒரு எழுத்து இருக்காது. எழுதியவர் மறந்துவிட்டாரா, அச்சகத்தில் ஆள் லீவா என்று எங்களுக்குள் கட்சிகள் உண்டு. மாமாவின் கட்சி, அது வாசகன் பேச வேண்டிய இடம் என்பது. அவர் பேசவும் செய்தார். மகள் தமிழ்மதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மடியில் வைத்துப் பக்கம் புரட்டி, எல்லாக் குரலிலும் அவரே படித்துக் காட்டுவாராம். காலி வட்டம் வந்தால் வாய்க்கு வந்ததைப் போடுவார். அதனால் அந்த வீட்டில் வெள்ளிமுகன் உலகத்தைக் காப்பாற்றியதோடு, தட்டைக் கழுவச் சொன்னான், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னான், எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் சொன்னான்.

இப்படி வளர்ந்த பிள்ளை இன்ஜினியரிங் முடித்து, கிடைத்த வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் சேரப் போகிறேன் என்றால் யாராவது ஆச்சரியப்படுவார்களா? மாமா ஆச்சரியப்பட்டார். ஆச்சரியம் கோபமாகி, கோபம் கூச்சலாகி, கூச்சல் தெருவுக்கு வந்தது.

"காமிக்ஸ் படி, வேணாங்கல. அத ஆட விடுறேன்னு கெளம்புறியே! நின்னுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அவன் வெள்ளிமுகன். ஆட விட்டா வெறும் பொம்மை."

அவளும் அவர் மகள்தானே. "நீ ஆட்டுக்குப் பல்லு பாக்குறவரு. அனிமேஷனப் பத்தி உனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அவர் மனைவி மகேஸ்வரி அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மகளோடு பேசுவார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, "உன் மககிட்ட மழைக்குக் கொட எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்பார். மகள் அந்தப் பக்கம், "உங்க வீட்டுக்காரர்கிட்ட சுகர் மாத்திரை போடச் சொல்லும்மா" என்பாள். நடுவில் மகேஸ்வரி அக்காவுக்குத்தான் தலைவலி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கடை மாடியில் எங்கள் கூட்டம் கூடும். வெள்ளிமுகன் வாசகர் வட்டம் என்று பெயர். பெயருக்கேற்ற ஆள் கூட்டமெல்லாம் கிடையாது, தவறாமல் வருகிறவர்கள் நாங்கள் நாலு பேர்தான். மாமா, நான், ஸ்டான்லி, ரோஹித். ஸ்டான்லி பள்ளியில் இயற்பியல் வாத்தியார். சால்வை கட்டியவன் பறந்தால் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று கணக்குப் போட்டுப் படத்தைக் கெடுப்பவர். ரோஹித் பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பனியனோடு வேலை பார்க்கிறவன். உலகத்தில் எந்த மூலையில் அனிமேஷன் படம் வந்தாலும் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவான். மாமாவை அங்கிள் என்பான், அதற்காகவே மாமாவுக்கு அவனைப் பிடிக்காது. பெயரிலேயே விமர்சனத்தை வைத்துக்கொண்டு பிறந்த ஒரே ரசிகர் இவர்தான் என்று அவருக்குப் பின்னால் சொல்கிறவனும் அவன்தான்.

திரை என்று பார்த்தால், அச்சுத் தப்பாகி விழுந்த ஒரு காதணி விழா பிளெக்ஸின் பின்பக்கம். வெளிச்சமான காட்சிகளில் தாய்மாமன் மீசை லேசாகத் தெரியும். அமெரிக்காக்காரன் படமோ ஜப்பான்காரன் படமோ, ஹீரோ பறக்கும்போது மேகத்துக்குள் ஒரு மீசை இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

படம் முடிந்ததும் அடிதடி. காமிக்ஸில் இருந்தபடியே எடுக்க வேண்டும் என்பது ஸ்டான்லி. அப்படியே எடுப்பதற்கு எதற்கு எடுக்க வேண்டும், புத்தகத்தை வேகமாகப் புரட்டினால் போதுமே என்பது ரோஹித். ஒருவர் பத்து மார்க் போட்டால் இன்னொருவர் வேண்டுமென்றே பூஜ்யம் போடுவார். ஒருநாள் முட்டை போண்டா பறந்தது. அதற்குப் பிறகுதான் மாமா தன் தொழில் முறையைக் கொண்டுவந்தார்.

சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போர்த்தி அதற்குள் கையைப் பிடித்து, விரலால் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் மார்க்கும் அப்படியே ஆனது. ஒவ்வொருவராக மாமாவின் துண்டுக்குள் கையை விட்டு, பத்துக்கு எத்தனை என்று அவர் விரலைப் பிடிக்க வேண்டும். கூட்டிக் கழித்து அவர் அறிவிப்பார். யார் எத்தனை போட்டார்கள் என்பது துண்டோடு போயிற்று, போண்டா பிழைத்தது.

மாமா மார்க் போடும் விதம் மட்டும் தனி. படத்தைக் கொண்டுவந்தவன் கையில் அவர் போடுவார், எடுத்தவுடன் அடிமாட்டு மார்க்காகப் போடுவார். உடனே நாம் ஏற்றிப் பிடிக்க வேண்டும். அவர் கொஞ்சம் ஏறுவார், நாம் கொஞ்சம் இறங்குவோம். ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் துண்டு ஆடுகிறதோ அவ்வளவு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிடிக்காத படத்துக்குக் கையே நீட்டமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். "வேணாத ஆட்டுக்கு எவனாச்சும் வெல கேப்பானா?" என்பது அவர் கேள்வி.

அந்தத் துண்டு எப்போதும் வலது தோளில் கிடக்கும். பொய் சொல்வதற்கு முன்னால் அதை எடுத்து இடது தோளுக்கு மாற்றுவார். "இது ஈனாத ஆடுங்க" என்பதற்கு முன் மாறும். "நான் நேத்து மாத்திரை போட்டுட்டேன்" என்பதற்கு முன்னும் மாறும். ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

போன மாசம் தமிழ்மதி எனக்கு போன் செய்தாள். "ஜெகபர் அண்ணே, எங்க ஸ்டூடியோவுல வெள்ளிமுகனப் படமா எடுத்திருக்கோம். பாதிக்கு மேல நான்தான் வரைஞ்சது. ஓடிடி ஆப்புல வர்றதுக்கு முன்னாடி உங்க மாடியில போட்டுக் காட்டணும்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா தாயி?"

"நீங்கதான் சொல்லணும். நல்லா இல்லன்னு சொல்லட்டும், பரவால்ல. ஆனா கடைசி வரைக்கும் பாத்துட்டுச் சொல்லணும். பாக்காமலே துண்ட உதறிட்டு எந்திரிச்சா, நான் இனிமே திண்டுக்கல்லுக்கே வரல அண்ணே. அம்மாவ வேணா சென்னைக்கு வந்து பாக்கச் சொல்றேன்."

விளையாட்டாகச் சொல்கிற குரல் இல்லை அது. மாமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் துண்டை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, "எனக்கு அன்னைக்கு வேல இருக்கு" என்றார். ஆகவே வந்துவிடுவார் என்று தெரிந்துகொண்டேன்.

வந்தார். சலவைச் சட்டையில் வந்தார். மகள் லேப்டாப்போடு எதிரே நிற்கும்போதே மகேஸ்வரி அக்காவுக்கு போன் போட்டு, "உன் மக வந்திருக்கா. எளச்சுப் போயிருக்கா" என்றார்.

படம் ஓடியது. வானம் நல்ல நீலம், தாய்மாமன் மீசையும் அன்றைக்கு நன்றாகவே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் கந்தகம் வந்தான். காமிக்ஸில் அவனுக்கு ஒரு கோட்டும் சிரிப்பும் மட்டும்தான். இந்தப் படத்தில் அவன் தோளில் ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது. கடத்திக்கொண்டு வந்த மந்திரியை நாற்காலியில் கட்டிவைத்து, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான். பிறகு பின்னால் போய் இரண்டு விரலால் முதுகுத்தண்டை அமுக்கினான். "தேறாது. மினிஸ்டருன்னாங்க, வெறும் எலும்பால்ல இருக்கு" என்றான்.

ஸ்டான்லிக்கு டீ மூக்கில் ஏறியது. ரோஹித் வாயைப் பொத்திக்கொண்டு என் தொடையைக் கிள்ளினான். நான் பிளெக்ஸை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை, எடுத்தால் செத்தேன். கந்தகம் மந்திரியிடம், "உன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன்யா" என்றான். சொல்வதற்கு முன் துண்டை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினான்.

மாடியில் ஒரே ஒருவர்தான் சத்தமாகச் சிரித்தார். "ஏலே, இந்தப் பய சரியான களவாணிப்பயலா இருக்கான்லே!" என்று என் முதுகில் ஒரு அறை வைத்தார். படத்தில் கந்தகம் வந்தபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ்மதி பின்னால் சுவரோடு நின்று, படத்தைப் பார்க்காமல் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிமுகன் படம் முழுக்கப் பேசவில்லை. அந்த மட்டில் மாமாவின் கட்சிதான் ஜெயித்தது என்று நினைத்தோம். கடைசியில் எரிகிற கட்டடத்துக்குள் ஒரு சின்னப் பெண் மாட்டிக்கொள்கிறாள். வெள்ளிமுகன் அவளைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்து ஒரு மொட்டைமாடியில் இறக்குகிறான். அவள் அழுகிறாள். அவன் மண்டிபோட்டு முகமூடியை அவள் பக்கம் சாய்த்து, படத்திலேயே முதல் தடவையாக வாய் திறக்கிறான்.

"சாப்டியா தாயி?"

அவ்வளவுதான். முதுகைக் காட்டி நடந்து போய்விட்டான். படம் முடிந்தது. நாங்கள் மாமாவைப் பார்த்தோம்.

விளக்கைப் போட்டதும் வழக்கம்போல ஆரம்பித்தது. "உலகத்தக் காப்பாத்துற ஹீரோ பேசுற முதல் வசனமே சாப்பாடா? காமிக்ஸுல அந்த வட்டம் காலி" என்றார் ஸ்டான்லி. "அதான் சார் அடாப்டேஷன். காலியா இருந்த எடத்துலதான் புதுசா ஏதாச்சும் பண்ண முடியும்" என்றான் ரோஹித். ஸ்டான்லி விடவில்லை. அந்த வேகத்தில் இறங்கினால் மொட்டைமாடி உடைந்திருக்கும் என்று கணக்குக்குப் போனார். யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் துண்டின் மேல் இருந்தது.

நாங்கள் மூவரும் கையை விட்டு மார்க் போட்டு முடித்தோம். இனி மாமா. உதறப் போகிறாரா, நீட்டப் போகிறாரா? தமிழ்மதி எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் துண்டை எடுத்தார், விரித்தார், தன் கையின் மேல் போர்த்திக்கொண்டு முன்னால் நீட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரோஹித் விசிலடிக்க விரலை வாயில் வைத்தான். அவள் துண்டுக்குள் கையை விட்டாள். துண்டு ஒருதரம் அசைந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். முகம் செத்துப் போயிருந்தது. "சரிப்பா" என்றாள். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். என்னிடம், "சொன்னபடி பாத்தாரு அண்ணே. அது போதும்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

மாமா நீட்டிய கையை மடக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாத்தீங்களாலே? எந்திரிச்சுப் போறா! நல்ல யாவாரி அப்படித்தான் போவான். எம்புள்ளல்ல. செத்த நேரத்துல திரும்பி வருவா பாருங்க."

ஜன்னலில் நின்ற ரோஹித் சொன்னான். "அங்கிள், அவங்க ஆட்டோல ஏறிட்டாங்க."

"ஏறட்டும். கொஞ்ச தூரம் போயிட்டு வருவா."

"மாமா, எத்தன பிடிச்சீங்க?" என்றேன்.

"ரெண்டு."

"பத்துக்கு ரெண்டா?"

"மொதப் பிடியே ரெண்டுலே! உனக்கெல்லாம் என்னைக்காச்சும் ஒண்ணுக்கு மேல எடுத்தவுடனே பிடிச்சிருக்கேனா? அவ ஒம்பதுன்னு திருப்பிப் பிடிப்பா, நான் மூணுன்னு ஏறுவேன், இன்னும் எம்புட்டோ கெடக்கு…" சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்குத் துண்டு யாவாரம் யாரு மாமா சொல்லிக் குடுத்தது?"

சந்தைக்கு வருகிறேன் என்று சின்ன வயசில் அவள் அழுத ஒவ்வொரு வியாழக்கிழமையும், பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று விட்டுவிட்டுப் போனவர் அவர்தான். வீட்டில் அவர் பல்லைப் பார்ப்பதையும் முதுகை அமுக்குவதையும் துண்டை மாற்றுவதையும் அவள் பார்த்தாள், பார்த்ததை அப்படியே வரைந்தாள். துண்டுக்குள் நடப்பதைப் பார்க்க அவளுக்கு ஏது வழி?

"வண்டிய எடு மாப்ளே" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் என் ஸ்கூட்டரை விடக் கூடாது, விட்டேன். சென்னைக்கு மாறிப் போக வேண்டிய திருச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் தமிழ்மதி. கண் சிவந்திருந்தது. மாமா பின்வாசல் வழியாக ஏறி, பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாவை, "செத்த தள்ளிக்கம்மா" என்று நகர்த்தி உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

அவர் துண்டை எடுத்து இரண்டு பேர் மடிக்கும் நடுவில் போர்த்தினார். "திருப்பிப் பிடி" என்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு மகளிடம் நேராக அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"எதப்பா?"

"நான் கொறச்சுப் பிடிச்சா நீ ஏத்திப் பிடிக்கணும். ரெண்டுனா ரெண்டு இல்ல தாயி. புடிக்கலன்னா நான் கையவே நீட்டமாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானப்பா?"

"வாயத் தொறந்து எவன் யாவாரம் பேசுவான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. கையைத் துண்டுக்குள் விட்டாள். என்ன பிடித்தாளோ, மாமா துள்ளிவிட்டார். "ஏ, அம்புட்டு ஆகாது! பாட்டு வர்ற எடத்துல நெழலு ஒரு பக்கம், வெயிலு ஒரு பக்கம் கெடக்கு."

"அது நான் வரைஞ்சது இல்ல."

"அப்ப அதுக்குக் கழிக்கல. இந்தா." துண்டு ஆடியது. "சால்வை பறக்கிறது தப்புன்னு ஸ்டான்லி வாத்தி சொல்றாரே?"

"அவரு எல்லாத்தையும் தப்புன்னுதான் சொல்வாரு."

"அதுவும் வாஸ்தவம்தான்." துண்டு மறுபடியும் ஆடியது. பூக்கூடை அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண்டக்டர் வந்து, "பெரியவரே, டிக்கெட்டா, எறங்குறீகளா?" என்றார். "செத்த இருய்யா, யாவாரம் நடக்குதுல்ல" என்று மாமா அதட்டினார். பிறகு குரலைத் தணித்தார்.

"அந்த வட்டத்துக்குள்ள நான் படிச்சதத்தான போட்ட?"

"பாதி நாளு அதத்தானப்பா சொல்வ. வேற எதையும் போட எனக்கு மனசு வரல."

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அதாவது என்னை. நான் பஸ் டயரைப் பார்த்தேன்.

"அந்தக் கந்தகம் பய மட்டும் ஒசத்தி" என்றார் மாமா. "யாரப் பாத்து வரைஞ்ச?"

அவளும் என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் டயருக்கே போனேன். "சந்தைக்காரர் ஒருத்தரப் பாத்துப்பா."

"அதான பாத்தேன். எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு நெனச்சேன்."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் நகர ஆரம்பித்தது. மாமா பூக்கூடையைத் தாண்டி ஓடி வந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து தொப்பென்று குதித்தார். ஸ்டான்லி பார்த்திருந்தால் அதற்கும் ஒரு கணக்குப் போட்டிருப்பார். ஜன்னல் வழியாகத் தமிழ்மதி ஏதோ கத்தினாள், இரைச்சலில் கேட்கவில்லை. பஸ் வாசலைத் தாண்டி ரோட்டில் திரும்பியது.

"எத்தனைக்கு முடிஞ்சது மாமா?"

"எங்க முடிஞ்சது? அவ எட்டுல நிக்கிறா, நான் ஏழுல நிக்கிறேன். எறங்கமாட்டேங்கிறா." மூச்சு வாங்கியது அவருக்கு. "யாவாரம் பாதியில கெடக்கு."

"அப்ப திரும்பி வந்துதான ஆகணும்?"

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கென்ன?" என்று ஆரம்பித்து, கையை வலது தோளுக்குக் கொண்டு போனார். அங்கே துண்டு இல்லை. அது மகள் மடியில் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெறுந்தோளில் கையை வைத்தபடியே நின்றார்.

"வரணும் மாப்ளே" என்றார்.